ஒரே கூரையின்கீழ் திடீர்ப் பகை

‘எலியும் பூனையும் போல’ என்று பகைக்கு உவமை கூறுவது நம் வழக்கம். ஒரே தட்டில் உண்டு, ஒன்றன்மேல் ஒன்று தலைவைத்து உறங்கி, ஒன்றையொன்று நக்கித் தூய்மைப்படுத்திய இரு பூனைகள் ஒரு நாள் முன்னறிவிப்பின்றிச் சீறிப் பாய்ந்து கடித்துக்கொண்டால் அதற்கு எந்த உவமையும் நம்மிடம் இல்லை. உரோமம் சிலிர்த்து, காதுகள் பின்மடிந்து, வால் பருத்து, வீட்டினர் இதுவரை கேட்டிராத குரலில் அலறியபடி அவை உருண்டு புரளும். சில நொடிகளில் ஒன்று கட்டிலுக்கடியில் பதுங்கும்; மற்றொன்று வாயிலில் காத்து நிற்கும். வளர்த்தவர்கள் திகைத்து நிற்பார்கள்.

இரண்டு அல்லது மூன்று பூனைகளை ஒன்றாக வளர்க்கும் குடும்பங்கள் நம் நகரங்களில் பெருகிவருகின்றன. மும்பையின் அடுக்குமாடிக் குடியிருப்பாயினும் கொல்கத்தாவின் பழைய வீடாயினும், வெளியே விடாமல் வீட்டுக்குள்ளேயே பூனை வளர்ப்போர் பலர். அத்தகைய வீடுகளில் இந்தத் திடீர்ப் பகை அரிய நிகழ்ச்சி அன்று. ஆயினும் முதன்முறை காண்போர் பெரும்பாலும் இரு முடிவுகளுள் ஒன்றுக்கு விரைகின்றனர். ‘இவற்றுக்குள் ஒத்துவராது, ஒன்றை யாரிடமாவது கொடுத்துவிடுவோம்’ என்பது ஒன்று. ‘தாமாகவே தீர்த்துக்கொள்ளட்டும்’ என்று ஒரே அறையில் விட்டுவிடுவது மற்றொன்று. முதல் முடிவால் ஒரு பூனை வீட்டை இழக்கிறது. இரண்டாம் முடிவால் தற்காலிகப் பகை நிலைத்த பகையாக மாறக்கூடும்.

கணக்கேட்டில் இரு பக்கக் கூட்டுத்தொகைகள் பொருந்தாதபோது வேறுபாடு கடைசிப் பக்கத்தில்தான் கண்ணில் படும். பிழையோ அதற்கு முன்னர் எங்கோ ஒரு பதிவில் இருக்கும். பூனைகளின் திடீர்ச் சண்டையும் அத்தகையதே. சண்டை நிகழ்ந்த இடத்தில், எதிரே நின்ற பூனையிடத்தில், காரணம் இருப்பது அரிது. அதற்குச் சற்று முன்னர் நிகழ்ந்த ஏதோ ஒன்றில்தான் அது இருக்கிறது. அதைக் கண்டறிந்தால் தீர்வுக்கான வழியும் தென்படும்.

தனித்து வேட்டையாடும் மரபு

வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழும் ஒரு காட்டுப் பூனை இனமாகும். ஏறத்தாழ 1,000 பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2007-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு இதனை உறுதிப்படுத்தியது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மனிதக் கல்லறையின் அருகே பூனை ஒன்றும் புதைக்கப்பட்டிருந்ததைத் தொல்லியலாளர்கள் 2004-ஆம் ஆண்டில் அறிவித்தனர். மனிதனுக்கும் பூனைக்கும் இடையிலான உறவு அவ்வளவு பழமையானது. ஆனால் பூனைக்கும் பூனைக்கும் இடையிலான உறவு வேறு வகையானது.

நாயின் மூதாதையான ஓநாய் கூட்டமாக வேட்டையாடுவது. கூட்டத்தைவிட்டுப் பிரிந்தால் அதன் பிழைப்பே கடினம். காட்டுப் பூனையோ தனித்து வேட்டையாடுவது. அதன் இரை எலி, பல்லி, சிறு பறவை போன்றவை. ஒரு பூனைக்கு ஒரு வேளைக்கே போதாத அந்த இரையைப் பங்கிட்டுக்கொள்ளத் துணை தேவைப்படவில்லை. ஆகவே, சண்டைக்குப் பின் சமாதானம் செய்துகொள்ளும் சைகைகள் பூனைகளிடம் மிகக் குறைவு. பூசலைத் தவிர்க்க அவை அறிந்த சிறந்த வழி விலகிச் செல்வதே. அடுக்குமாடி வீட்டின் இரண்டு அறைகளுக்குள் விலகிச் செல்ல எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பூனைகளால் ஒருபோதும் கூடி வாழ இயலாது என்பது இதன் பொருள் அன்று. உணவு மிகுதியாகக் கிடைக்கும் மீன் சந்தைகளிலும் துறைமுகங்களிலும் அவை குழுக்களாக வாழ்வதைக் காணலாம். அக்குழுக்களின் மையம் பெரும்பாலும் உறவுடைய பெண் பூனைகள். ஒன்றன் குட்டிகளுக்கு மற்றொன்று பாலூட்டுவதும் உண்டு. அங்கே உறுப்பினர்களை அடையாளம் காட்டுவது முகத்தைவிட மணமே. பூனையின் கன்னம், தாடை, நெற்றி, வாலடி, பாதம் ஆகியவற்றில் மணச் சுரப்பிகள் உள்ளன. ஒன்றோடொன்று உரசும்போதும், ஒரே துணியில் மாறி மாறிப் படுக்கும்போதும் அம்மணங்கள் கலந்து குழுவுக்குரிய பொது மணம் ஒன்று உருவாகிறது. அம்மணம் உள்ளது நம்மவர், இல்லாதது அயலார். இந்த எளிய விதியின்மீதுதான் வீட்டுப் பூனைகளின் நட்பு பெரிதும் நிற்கிறது.

திசைமாறிய சினம்

திடீர்ச் சண்டைகளுக்கு மருத்துவர்கள் முதலில் எண்ணிப் பார்க்கும் காரணத்தைத் ‘திசைமாறிய சினம்’ எனலாம். ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். பூனை ஒன்று சன்னல் விளிம்பில் அமர்ந்திருக்கிறது. கீழே மதில்மேல் அயல் பூனை ஒன்று நடந்து செல்கிறது. தன் எல்லைக்குள் அயலான் நுழைந்துவிட்டான் என்று வீட்டுப் பூனையின் உடல் முழுவதும் போருக்கு ஆயத்தமாகிறது. ஆனால் இடையில் கண்ணாடியும் கம்பியும் இருக்கின்றன, பாய வழியில்லை. அந்த நொடியில், என்ன நிகழ்கிறதென்று பார்க்க மற்றொரு வீட்டுப் பூனை அருகே வருகிறது. அயலான்மீது இறங்க வேண்டிய அடி தோழன்மீது இறங்குகிறது.

வீட்டினர் வரும்போது அயல் பூனை போய்விட்டிருக்கும். அவர்கள் காண்பது தம் இரு பூனைகளின் சண்டையை மட்டுமே. ‘காரணமே இல்லாமல்’ என்று அவர்கள் கூறுவது இதனால்தான்.

பார்சிலோனா ஆய்வாளர்கள் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், இவ்வகைச் சினத்தைத் தூண்டியவற்றுள் மிகப் பெரும்பான்மையானவை இரண்டே எனக் கண்டனர். ஒன்று உரத்த ஒலி. மற்றொன்று வேறு பூனைகளுடனான சந்திப்பு. ஒலியைப் பொறுத்தவரை, மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை உணரும். பூனையின் செவி 60,000 ஹெர்ட்ஸையும் கடந்து உணரும். நமக்குக் கேட்காத பல ஒலிகளும் அதற்குக் கேட்கின்றன. தீபாவளி வெடிகள், திருமண ஊர்வலத்தின் மேளம், மேல்மாடியில் சுவரைத் துளைக்கும் இயந்திரம், சமையலறையில் விழுந்த பாத்திரம் ஆகிய எதுவும் தூண்டுதலாகலாம். ஒலி எழுந்த நொடியில் கண்ணெதிரே நின்ற பூனையே அதற்குக் காரணம் என மற்றது கருதிவிடுகிறது.

இதில் முதன்மையாக அறிய வேண்டிய செய்தி கால அளவாகும். எழுச்சியுற்ற பூனை சில நிமிடங்களில் அமைதியடைந்துவிடும் என நாம் எதிர்பார்க்கிறோம். பல மணி நேரமும், சில வேளைகளில் ஒரு நாளுக்கு மேலும் அந்நிலை நீடிக்கக்கூடும். அதற்குள் தாக்கப்பட்ட பூனைக்கு அச்சம் பிறந்துவிடுகிறது. மறுநாள் அது தாக்கியதைக் கண்டதும் உடலைச் சுருக்கிச் சீறுகிறது. சினம் தணிந்திருந்த மற்றது, ‘இது ஏன் சீறுகிறது?’ என்று மீண்டும் விறைக்கிறது. இப்போது தூண்டுதலே தேவையில்லை. ஒன்றன் அச்சம் மற்றொன்றின் சினத்தை வளர்க்கிறது. மதில்மேல் நடந்த பூனை ஊர்விட்டே போயிருந்தாலும் வீட்டுக்குள் போர் தொடர்கிறது.

மணம் மாறியதால் வரும் பகை

இரண்டாவது பெருங்காரணம் மருத்துவமனையிலிருந்து திரும்புதல். கருத்தடை அறுவை சிகிச்சைக்கோ பல் சிகிச்சைக்கோ சென்று வந்த பூனையை, வீட்டில் இருந்த பூனை முகர்ந்து பார்த்துச் சீறித் தாக்குவது உண்டு. சென்ற பூனைமீது இருந்த வீட்டு மணம் நீங்கி, கிருமிநாசினி, மருந்து, அயல் விலங்குகள் ஆகியவற்றின் மணம் படிந்திருக்கிறது. மயக்க மருந்தின் விளைவால் அதன் நடையும் தள்ளாடுகிறது. உருவம் தோழனுடையது, மணமும் நடையும் அயலானுடையவை. பூனை தன் மூக்கையே நம்புகிறது.

இவ்வகையில் வீட்டிலிருந்த பூனையே தாக்குவது. சிகிச்சை பெற்று வந்தது திகைத்து நிற்பது. உடன்பிறந்த பூனைகளுக்குள்ளும் இது நிகழும். இதைத் தவிர்க்க எளிய வழிகள் உண்டு. திரும்பி வந்த பூனையை உடனே நடுக்கூடத்தில் திறந்துவிடாமல் தனி அறையில் வைத்து, மயக்கம் முற்றும் தெளிந்து, அது தன்னை நக்கித் தூய்மை செய்துகொள்ள ஓரிரவு அவகாசம் தரவேண்டும். வீட்டிலுள்ள பூனை படுத்த துணியை அதனருகே வைத்தால் பழைய மணம் விரைவில் திரும்பும். பயணக் கூடைக்குள்ளும் வீட்டுத் துணி ஒன்றை விரித்து அழைத்துச் செல்வது நல்லது.

வலி பேசும் மொழி

எந்தத் தூண்டுதலும் தென்படாதபோது உடல்நோயை ஐயுற வேண்டும். பூனை தன் வலியை மறைப்பதில் வல்லது. 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், அவற்றுள் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானத்தின் அடையாளங்கள் காணப்பட்டன. அவற்றை வளர்த்தோர் பலர் அதை அறிந்திருக்கவில்லை. இடுப்பு வலிக்கும் பூனைமீது இளம் பூனை விளையாட்டாகத் தாவினால் அது கடித்து விலக்கும். பல் ஈறு அழற்சி, காதுப் புண், பார்வைக் குறைவு ஆகியவையும் இவ்வாறே சகிப்பைக் குறைக்கும். 10 வயதைக் கடந்த பூனைகளுக்குத் தைராய்டு சுரப்பு மிகுதியானால் நன்றாக உண்டும் உடல் இளைக்கும். அமைதியின்மையும் எரிச்சலும் மிகும்.

ஆகவே, வயது முதிர்ந்த பூனை ஒன்று திடீரெனத் தாக்கத் தொடங்கினால் முதற்படி கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே. வலிக்குச் சிகிச்சை அளித்ததும் சண்டையும் நின்றுபோவது உண்டு. நாம் உட்கொள்ளும் வலிநிவாரணி மாத்திரைகளை மட்டும் ஒருபோதும் கொடுக்கக்கூடாது. மனிதருக்குச் சாதாரணமான பாராசிட்டமால் பூனைக்கு உயிர்க்கொல்லி.

திடீரெனத் தோன்றினாலும் உண்மையில் திடீரென வராத பகையும் உண்டு. குட்டிகளாக வந்த பூனைகள் 2 முதல் 4 வயதுக்குள் சமூக முதிர்ச்சி அடைகின்றன. அப்பருவத்தில் இடத்தைப் பற்றிய உணர்வு கூர்மையாகும். ஒரு பூனை உணவுத் தட்டுக்குச் செல்லும் வழியில் படுத்துக்கொண்டு மற்றதை உற்றுப் பார்ப்பது, மணல் தொட்டியிலிருந்து வெளிவரும் பூனையை எதிர்கொண்டு நிற்பது போன்ற ஓசையற்ற அடக்குமுறைகளை நாம் சண்டையாகக் கருதுவதில்லை. மாதக்கணக்கில் நீடிக்கும் அந்த அழுத்தம் ஒரு நாள் வெடிக்கிறது. கருத்தடை செய்யப்படாத ஆண் பூனைகளுக்கு இது இன்னும் விரைவில் நேரும்.

வீடு மாறுதலும் இவ்வகைக் காரணமே. வங்கிப் பணியிலும் அரசுப் பணியிலும் இருப்போர்க்கு இடமாற்றம் இயல்பானது. சாமான்கள் வண்டியில் ஏறும்போது பூனைகள் பல ஆண்டுகளாகத் தேய்த்து வைத்த மணமெல்லாம் பழைய சுவர்களிலேயே தங்கிவிடுகின்றது. புதிய ஊரில், புதிய சுவர்களுக்கிடையில், எந்த மூலை எவருக்குரியது என்ற பழைய உடன்பாடும் செல்லாததாகிறது. ஆகவே முதல் சில நாள்கள் ஓர் அறையை மட்டும் திறந்து, துவைக்காத பழைய விரிப்புகளை அங்கே இட்டு, பூனைகள் அமைதியாக உண்ணத் தொடங்கிய பின்னர் மற்ற அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுதல் தக்கது.

சண்டை நிகழும் நொடியில்

கையை இடையில் விடாதீர்கள். இதுவே முதல் விதி. இரண்டாம் விதியும் இதுவே. எழுச்சியுற்ற பூனை தன்னை வளர்த்தவரையும் கடிக்கும். அட்டைத் தாள், தலையணை, தடித்த போர்வை ஆகியவற்றுள் ஒன்றை இரண்டுக்கும் நடுவே செருகி ஒன்றன் பார்வையிலிருந்து மற்றதை மறைக்க வேண்டும். பார்வை அறுந்ததும் ஒன்று விலகும். உடனே இடையிலுள்ள கதவைச் சாத்திவிட வேண்டும். கூச்சலிடுவதும் அடிப்பதும் அச்சத்தை மிகுதியாக்குமேயன்றிக் குறைப்பதில்லை. ஆறுதல் கூறத் தூக்கி அணைப்பதும் ஆபத்தானது. தாக்கிய பூனையை மங்கிய ஒளியுள்ள அறையில் நீர், உணவு, மணல் தொட்டி ஆகியவற்றோடு தனித்து விடுவது நன்று.

கடியோ கீறலோ பட்டுவிட்டால் அதைச் சிறிதாக எண்ணுதல் ஆகாது. பூனையின் பல் ஊசிபோல் மெலிந்தது. மேலே ஒரு புள்ளியாகத் தெரியும் காயம் உள்ளே ஆழமாகச் சென்று நுண்ணுயிர்களைச் சேர்த்திருக்கும். கைவிரல் மூட்டில் பட்ட கடி ஒரே நாளில் வீங்கிச் சிவக்கக்கூடும். நம் நாட்டில் ரேபிஸ் நோயையும் நினைவிற்கொள்ள வேண்டும். நாய்க்கடிக்கு மட்டும் உரியதன்று அது. காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைக் காண வேண்டும். இரத்தம் கசியும் கடிக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவையா என்பதை அவரே முடிவு செய்வார். வீட்டைவிட்டு வெளியேறாத பூனைக்கும் ஆண்டுதோறும் ரேபிஸ் தடுப்பூசி இடுவதன் அருமை இத்தகைய நாளில்தான் விளங்கும்.

பூனைகளின் காயங்களையும் மறுநாள் அமைதியான வேளையில் பார்க்க வேண்டும். பல் பட்ட இடத்தில் தோல் விரைவில் மூடிக்கொள்ள, உள்ளே சீழ் கட்டுவது வழக்கம். வீக்கம், சோர்வு, உணவு மறுத்தல் ஆகியவை அதன் அறிகுறிகள். இரு நாள்களுக்கு மேல் உண்ணாத பூனைக்கு, அதிலும் பருத்த பூனைக்கு, கல்லீரல் பாதிக்கப்படும் அபாயம் உண்டு. ஆண் பூனை மணல் தொட்டியில் அமர்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லையெனில் ஒரு மணி நேரமும் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மன அழுத்தத்தையொட்டி வரக்கூடிய இந்த அடைப்பு உயிருக்கே தீங்கானது.

மறு அறிமுகம்: படிப்படியாக

பூசல் சிறிதாயின், ஓரிரு நாள் பிரித்து வைத்தாலே பழைய நிலை திரும்பிவிடும். மீண்டும் காணும்போது உடல் தளர்ந்து, வாலை உயர்த்தி, கண் சிமிட்டி நெருங்கினால் கவலையில்லை. சீற்றமோ பதுங்கலோ நீடித்தால், அவை இரண்டும் அன்றுதான் முதன்முதலாகச் சந்திக்கின்றன என்று எண்ணிக்கொண்டு தொடக்கத்திலிருந்து அறிமுகப்படுத்த வேண்டும். அதற்கான வரிசை பின்வருமாறு:

1. முழுப் பிரிவு. இரண்டும் ஒன்றையொன்று காணாதபடி வெவ்வேறு அறைகள். ஒவ்வொன்றுக்கும் தனி உணவு, நீர், மணல் தொட்டி, படுக்கை. இரண்டும் வழக்கம்போல் உண்டு, உறங்கி, விளையாடும் வரை இந்நிலை தொடரட்டும்.

2. மணப் பரிமாற்றம். மெல்லிய பருத்தித் துணியால் ஒன்றன் கன்னத்தைத் தடவி, அத்துணியை மற்றதன் உணவுத் தட்டருகே வைத்தல். நாளுக்கொரு முறை அறைகளை மாற்றிவிடுதல். துணியைக் கண்டு சீறாமல் உண்ணும் நிலை வரும்வரை அடுத்த படிக்குச் செல்லக்கூடாது.

3. கதவின் இருபுறமும் உணவு. மூடிய கதவுக்கு இருபுறமும் சற்றுத் தொலைவில் தட்டுகளை வைத்து, நாள்தோறும் சிறிது சிறிதாக நெருக்குதல். மற்றதன் மணம் வந்தால் நல்ல உணவும் வரும் என்ற தொடர்பு அவற்றின் மனத்தில் பதிகிறது.

4. வலை வழியே பார்வை. கொசுவலைக் கதவு அல்லது கம்பித் தடுப்பு வழியாக உணவு வேளைகளில் மட்டும் ஒன்றையொன்று காணச் செய்தல். தொடக்கத்தில் ஓரிரு நிமிடங்கள் போதும். கண் கொட்டாத உற்றுநோக்கல் தோன்றினால் பார்வையை மறைத்து, முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும்.

5. மேற்பார்வையில் சந்திப்பு. ஒரே அறையில் எதிரெதிர் மூலைகளில், கோலில் கட்டிய இறகுப் பொம்மையோடு சில நிமிட விளையாட்டு. இன்னும் சிறிது நேரம் இருக்கட்டுமே என்று நமக்குத் தோன்றும்போதே முடித்துக்கொள்வது நலம்.

இதற்குச் சில நாள்களும் ஆகலாம். பல வாரங்களும் ஆகலாம். கடுமையான பகையாயின் மாதங்களும் ஆகலாம். விரைவுபடுத்துவதால் பயனில்லை. இடையில் நிகழும் ஒரு சண்டை அதுவரை சேர்த்த முன்னேற்றத்தை அழித்து, மீண்டும் முதற்படிக்கே கொண்டுசெல்லும். நீடித்த பகைக்கு மருத்துவர் பதற்றம் தணிக்கும் மருந்துகளைக் குறித்துக் கொடுப்பார். பூனையின் முக மணத்தை ஒத்த செயற்கைப் பெரோமோன் கருவிகளும் கிடைக்கின்றன. அவை சில பூனைகளுக்குத் துணைசெய்யும். ஆனால் மேற்கண்ட படிகளுக்கு அவை மாற்று ஆகா. வாசனைக்காக வீட்டில் ஏற்றப்படும் நறுமண எண்ணெய்கள் பூனைகளுக்கு நஞ்சாகக்கூடியவை என்பதால் அவற்றை விலக்குதல் வேண்டும்.

வீட்டைச் சற்று மாற்றி அமைத்தல்

மணல் தொட்டிகளின் எண்ணிக்கை பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கவேண்டும் என்பது மருத்துவர்கள் கூறும் பொது விதி. இரண்டு பூனைகளுக்கு மூன்று தொட்டிகள். அம்மூன்றையும் ஒரே மூலையில் அடுக்கினால் பூனையின் கணக்கில் அவை ஒன்றே. ஆகவே வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். உணவுத் தட்டுகளையும் ஒன்றையொன்று காணாத இடங்களில் வைத்தல் நன்று.

தரைப்பரப்பைக் கூட்ட நம்மால் இயலாது. உயரத்தைப் பயன்படுத்த இயலும். அலமாரியின் மேற்பகுதியில் ஒரு விரிப்பு, சுவரில் இரண்டு பலகைகள், மேசைக்கடியில் இருபுறமும் திறந்த அட்டைப்பெட்டி ஆகியவை சிறிய வீட்டிலும் பூனைக்கு விலகிச் செல்லும் வழியைத் தருகின்றன. அயல் பூனைகள் தென்படும் சன்னலின் கீழ்ப்பகுதியில் ஒளி மட்டும் புகும் தாளை ஒட்டினால் தூண்டுதலில் பாதி மறையும். தெருப் பூனைகளுக்கு உணவிடுவோர், தம் வீட்டு பால்கனிக்கு நேர்கீழே அல்லாமல் சற்றுத் தள்ளி இடலாம். தீபாவளியன்று மாலைக்கு முன்னரே சன்னல்களை அடைத்து, திரைகளை இழுத்து, பூனைகளைத் தனித்தனி அறைகளில் இருத்திவிடுவது முன்னெச்சரிக்கை.

மருத்துவச் செலவு இத்தகைய வேளைகளில் எதிர்பாராமல் வரும். பரிசோதனை, எக்ஸ்ரே, மருந்து எனத் தொகை விரைவில் ஏறும். வளர்ப்பு விலங்குகளுக்கென மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் சேர்த்துவருவோர், பணத்தைக் கருதிச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் நிலைக்கு ஆளாவதில்லை.

முடிவெடுக்கும் முன்

எல்லாப் பகையும் தீரும் என்று கூறுவதற்கில்லை. பல மாத முயற்சிக்குப் பின்னரும் ஒன்றையொன்று கண்டாலே குதறும் பூனைகள் சில உண்டு. அப்போது வீட்டை இரு பகுதிகளாகப் பிரித்து வளர்ப்பதும், ஒன்றுக்கு நன்கறிந்த நல்ல குடும்பத்தைத் தேடித் தருவதும் அன்பின் செயல்களே. மருத்துவரின் கருத்தைக் கேட்டு, பொறுமையாகத் தேடி, எடுக்கவேண்டிய முடிவு அது.

வீட்டில் வளர்ந்த பூனையைச் சந்தையிலோ கோயில் வாயிலிலோ இரவோடிரவாக விட்டுவருவது அதனோடு ஒப்பிடத்தக்கதன்று. ‘பூனைதானே, எப்படியும் பிழைத்துக்கொள்ளும்’ என்பது நாம் நமக்கே கூறிக்கொள்ளும் ஆறுதல். தட்டில் உணவு வந்தே பழகிய பூனை, பிற பூனைகளின் எல்லைக்குள் திடீரென வீழ்ந்து, பசியாலும் காயத்தாலும் வாடும். பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றமுமாகும்.

சண்டை நிகழ்ந்த அன்று மாலை, கோபமும் அச்சமும் நம்மிடமும் மிகுந்திருக்கும். அன்று எந்த முடிவும் எடுக்க வேண்டாம். இடைக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு தாளில் முந்தைய 24 மணி நேரத்தை எழுதிப் பாருங்கள். எவரேனும் மருத்துவமனை சென்று வந்தனரா? புதிய மனிதர், புதிய பொருள், புதிய மணம் எதுவும் வீட்டுக்குள் வந்ததா? ஓசை ஏதும் எழுந்ததா? சன்னலுக்கு வெளியே எது நின்றது? எந்தப் பூனை நடையில், உணவில், உறக்கத்தில் மாறியிருக்கிறது? பொருந்தாத அந்த ஒரு பதிவு பெரும்பாலும் அத்தாளிலேயே அகப்பட்டுவிடும். மருத்துவரிடம் செல்லும்போது அத்தாளையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் கேட்கப்போகும் முதற்கேள்விகள் அவையே.

தாக்கிய பூனை தீயதாகிவிடவில்லை; தாக்கப்பட்டது ஏதும் செய்துவிடவுமில்லை. இரண்டும் அஞ்சியிருக்கின்றன. அச்சம் தணிவதற்கு வேண்டிய கதவும் காலமும் வீட்டிலுள்ள மனிதர்களாகிய நம்மிடமே இருக்கின்றன.